ஃப்ரெடி ஹப்பர்ட் மூச்சு வாங்கும் இடங்கள்

ட்ரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்ட் என்று பேச்செடுத்தாலே ஜாஸ் கேட்பவர்கள் முதலில் சொல்வது வேகம். அடுத்து உச்ச ஸ்தாயி, அதற்கடுத்து கணீரென்ற சத்தம். சாக்ஸபோன்காரர்கள் விரலால் ஓட்டும் சங்கதிகளை இவர் உதட்டால் ஓட்டிக் காட்டினார் என்பார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் அவருடைய மெதுவான பாட்டுகளைப் பற்றி யாரும் இந்த அளவுக்குப் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கத்தான் அவருடைய ஒரே ஒரு ஆல்பத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 1963இல் இம்பல்ஸ் நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த ‘தி பாடி அண்ட் தி சோல்’. சில பாட்டுகளில் ட்ரம்பெட்டுக்குப் பின்னால் வயலின்களும் செல்லோக்களும் இருக்கின்றன, சிலவற்றில் பித்தளை வாத்தியங்களும் சாக்ஸபோன்களும் நிறைந்த முழு பிக் பேண்ட், சிலவற்றில் ஏழு பேர் கொண்ட சின்னக் குழு. மூன்று விதத்துக்கும் இசைக்கோப்பு, அதாவது எந்த வாத்தியம் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்பதை, எழுதியவர் ஒரே ஆள், வெய்ன் ஷார்ட்டர்.

நான் இந்த ஆல்பத்துக்கு வந்ததே ஷார்ட்டர் வழியாகத்தான். 2023 மார்ச் 2ஆம் தேதி அவர் இறந்தபோது அவருடைய சாக்ஸபோன் தட்டுகளையெல்லாம் வரிசையாக எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மற்றவர்களுக்காக எழுதிக்கொடுத்தவற்றையும் தேட ஆரம்பித்தபோது இது கையில் சிக்கியது. ‘ஸ்கைலார்க்’ ஓடி முடிந்ததும் அடுத்த பாட்டுக்குப் போக மனமே வரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை என் காதில் அதிகம் ஓடிய ஜாஸ் ஆல்பம் இதுவாகத்தான் இருக்கும்.

ஹப்பர்ட் இண்டியானாபோலிஸ்காரர். 1938 ஏப்ரல் 7ஆம் தேதி பிறந்தார். சிறு வயதிலேயே ஊரில் ஜாஸ் கலைஞர்களான மாண்ட்கோமரி சகோதரர்களோடு சேர்ந்து வாசித்தார். இன்னொரு பக்கம், இண்டியானாபோலிஸ் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை ட்ரம்பெட் கலைஞரான மேக்ஸ் வுட்பரியிடம் முறையாகப் பாடம் கேட்டார். அந்தப் பாடம் அவருடைய நாதத்தில் கடைசிவரை இருந்தது. எவ்வளவு வேகத்தில் ஓடினாலும் ஒவ்வொரு ஸ்வரமும் முழுசாக, உருண்டையாக விழும். 1958இல் நியூயார்க் வந்தார். சில ஆண்டுகளுக்குள் ஊரில் நடந்த முக்கியமான பதிவுகள் பலவற்றில் அவர் இருந்தார். ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’, ஆலிவர் நெல்சனின் ‘தி ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்’, எரிக் டால்ஃபியின் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ என்று நீளும் பட்டியல் அது. 1961இல் இன்னொரு ட்ரம்பெட்காரரான லீ மார்கனின் இடத்தில், ட்ரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசெஞ்சர்ஸ் குழுவில் சேர்ந்தார். அங்கே இசை இயக்குநர் பொறுப்பில் இருந்தவர் ஷார்ட்டர். ஆக இந்த ஆல்பத்துக்கு வரும்போது இருவரும் பேருந்திலும் விமானத்திலும் மேடையிலும் ஒன்றாகத் திரிந்து பழகியவர்கள். ஹப்பர்ட் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த ஸ்தாயியில் அவர் நாதம் தடிக்கும், எங்கே மெலியும் என்பதை அவர் பக்கத்தில் நின்றே கேட்டவர் ஷார்ட்டர். இந்த ஆல்பத்தின் ரகசியம் அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அந்த மூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ட்ரம்பெட் என்பது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பித்தளைக் குழாய், வளைத்துச் சுருட்டி வைத்தது. மூன்றே வால்வுகள். மீதி எல்லாம் உதடும் காற்றும். தேவாலய இசைக்குழுவில் ட்ரம்பெட் வாசிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். வாசித்து முடித்தவுடன் அவர் மேல் உதட்டைப் பார்த்தால் மவுத்பீஸ் அழுத்திய வட்டம் சிவந்து கிடக்கும். சத்தமாக ஊதுவது கஷ்டமா என்று அவரிடம் கேட்டேன். இல்லவே இல்லை, மெதுவாக ஊதுவதுதான் உயிரை வாங்கும் என்றார். காற்றைக் குறைத்தால் உதடு அதிர மறுக்கும், ஸ்வரம் பிசிறும், சுருதி இறங்கும். குறைந்த காற்றில் நாதம் மெலியாமல் இருக்க வேண்டுமானால் வயிற்றிலிருந்து தொண்டை வரை எல்லாம் அசையாமல் நிற்க வேண்டுமாம். சொல்லிவிட்டு, ஒரு கீர்த்தனைப் பாட்டின் முதல் வரியைக் கிசுகிசுப்பது போல ஊதிக் காட்டினார். பாதி வரியிலேயே நெற்றி வியர்த்துவிட்டது. ஹப்பர்டின் பாலட்களை, அதாவது அந்த மெதுவான பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வியர்வைதான் நினைவுக்கு வரும்.

வயலினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வில்லைத் திருப்பும் இடம், தேர்ந்த கலைஞரிடம், காதுக்கே தெரியாது. பத்துப் பேர் சேர்ந்து இழுத்தால் முடிவே இல்லாத நீளத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தலாம். ட்ரம்பெட்டுக்கோ ஒவ்வொரு வரிக்கும் ஒரு எல்லை உண்டு. ஒன்று மூச்சால் வாழ்வது, இன்னொன்றுக்கு மூச்சே தேவையில்லை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இசைக்கோப்பாளரின் முதல் கேள்வி. நம் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும்போது ஒத்து நின்று ஒலிப்பது போல, வயலின்கள் அந்த இடைவெளியைத் தாங்கிப் பிடிக்கலாம். அல்லது, சோம்பேறித்தனமாக எழுதினால், ட்ரம்பெட் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றிவிட்டுப் போகலாம். ஜாஸ் வரலாற்றில் இரண்டாவது வகைதான் அதிகம்.

1949 நவம்பரில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் வயலின்களோடு பதிவுசெய்ததிலிருந்து இந்தக் கதை ஆரம்பிக்கிறது என்று சொல்வது வழக்கம். அவருடைய தட்டுகளில் நன்றாக விற்றவை அவை. பார்க்கருக்கே அந்தப் பதிவுகள்மேல் பெருமை இருந்தது. அவர் வாசித்தது அற்புதம், சந்தேகமே இல்லை. பின்னணி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பார்க்கர் ஒரு அறையில், வயலின்கள் பக்கத்து அறையில். இன்னொரு சிக்கலும் உண்டு. ஜாஸில் இரண்டு சமமான ஸ்வரங்களை எழுதினால் வாசிப்பவர்கள் அவற்றை ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக ஊசலாட்டித்தான் வாசிப்பார்கள். அந்த ஊசலாட்டம் தாளில் இருக்காது, உடம்பில் இருக்க வேண்டும். சிம்பனியில் வளர்ந்த வயலின்காரர்கள் பலர் தாளில் உள்ளதை அப்படியே நேராக வாசிப்பார்கள். அதனால் வேகமான பாட்டில் வயலின்கள் விறைத்துப்போய் நிற்கும். பாலட் என்றால் தப்பித்துக்கொள்ளலாம், நீள ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். வயலின்களோடு வந்த ஜாஸ் ஆல்பங்களில் முக்கால்வாசி பாலட்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விதிவிலக்குகள் இருக்கின்றன. சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுக்காக எடி சாட்டர் 1961இல் எழுதிய ‘ஃபோகஸ்’ அப்படி ஒன்று. அதில் வயலின்கள் பின்னணியாக இல்லாமல் கெட்ஸோடு மல்லுக்கு நிற்கும்.

ட்ரம்பெட்டுக்கு என்று பார்த்தால் பெரிய முன்னோடி கிளிஃபர்ட் பிரவுன். 1955 ஜனவரியில் மூன்று நாட்களில் நீல் ஹெஃப்டி எழுதிய இசைக்கோப்பில் பன்னிரண்டு பாட்டுகளைப் பதிவுசெய்தார். கூடவே அவருடைய வழக்கமான குழுவும் இருந்தது, ட்ரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் உட்பட. அந்த ஆல்பத்தில் பிரவுன் பெரிதாகக் கற்பனை ஸ்வரம் எதுவும் வாசிக்கவில்லை. மெட்டை வாசிக்கிறார், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரிய காரியம் என்பது ட்ரம்பெட் தொட்டவர்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு ஜூன் 26ஆம் தேதி பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் விபத்தில் அவர் இறந்துபோனார். வயது 25தான். அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு ட்ரம்பெட்காரரும் அவருடைய நாதத்தைக் காதில் வைத்துக்கொண்டுதான் வளர்ந்தார்கள். ஹப்பர்டும் அப்படித்தான்.

வயலின்களோடு பதிவுசெய்த அன்று பிரவுனுக்கு வயது 24. 1963 மார்ச்சில் ஹப்பர்டுக்கும் 24. இதை யோசித்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. இந்த வயதில் ஒரு ட்ரம்பெட்காரருக்கு உதடும் நுரையீரலும் உச்சத்தில் இருக்கும். ஊரையே ஊதித் தள்ளலாம் என்ற தெம்பு இருக்கும். அந்தத் தெம்பை அடக்கிக்கொண்டு ஒரு பழைய பாட்டை அதன் வார்த்தைகள் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியிருக்கிறது.

ஆல்பம் மூன்று நாட்களில் பதிவானது: 1963 மார்ச் 8, மார்ச் 11, மே 2. மார்ச்சில் பெரிய குழு, மே மாதம் சின்னக் குழு. தயாரிப்பாளர் பாப் தீல். மார்ச் 7ஆம் தேதி, அதாவது ஹப்பர்டின் முதல் பதிவுக்கு முந்தைய நாள்தான், இதே இம்பல்ஸ் நிறுவனத்துக்காக சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் பாடகர் ஜானி ஹார்ட்மனும் சேர்ந்து தங்கள் பாலட் ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். அதில் ‘டெடிகேட்டட் டு யூ’ என்ற பாட்டு இருக்கிறது. ஹப்பர்டின் ஆல்பத்திலும் அதே பாட்டு இருக்கிறது. அந்த வசந்தத்தில், காற்றைக் கிழிக்கும் வேகத்துக்குப் பேர்போன இரண்டு பேர் ஒரே நிறுவனத்துக்காகப் பழைய காதல் பாட்டுகளை நின்று நிதானித்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோல்ட்ரேன் ஆல்பம் உலகப் புகழ் பெற்றது. ஹப்பர்டுடையதை அவருடைய ரசிகர்களிலேயே பலர் கேட்டதில்லை.

இப்போது ‘ஸ்கைலார்க்’.

பாட்டு ஹோகி கார்மைக்கேலுடையது, வரிகள் ஜானி மெர்சர். வானம்பாடியிடம், நீ போகும் வழியில் என் காதலைப் பார்த்தாயா என்று கேட்கும் பாட்டு. கார்மைக்கேலின் இளமைக்கால நண்பர் பிக்ஸ் பைடர்பெக் என்ற கார்னெட் கலைஞர். அவர் வாசிக்கும் விதத்தை மனதில் வைத்துத்தான் கார்மைக்கேல் இந்த மெட்டைப் போட்டார் என்று சொல்வார்கள். கேட்டால் நம்பத் தோன்றும். குரலுக்கு எழுதிய மெட்டு இப்படி ஏறி இறங்காது. தாவல்கள் அதிகம். நடுப்பகுதியில் பாட்டு சுருதி மாறி எங்கோ போய், வழி தவறியது போல அலைந்து, கடைசி நொடியில் வீடு திரும்பும். பாடகர்களுக்கு அந்த இடம் கண்டம். கார்னெட்டின் தம்பியான ட்ரம்பெட்டுக்கோ சொந்த வீடு.

ஹப்பர்ட் இந்தப் பாட்டை ஏற்கெனவே வாசித்திருந்தார். 1962 அக்டோபரில் மெசெஞ்சர்ஸ் குழு பதிவுசெய்த ‘கேரவன்’ ஆல்பத்தில் அவருக்கென்றே ஒதுக்கிய பாட்டு அது. பிளேக்கி, ஷார்ட்டர், ட்ராம்போனில் கர்டிஸ் ஃபுல்லர், பியானோவில் சீடர் வால்டன், பேஸில் ரெஜி வொர்க்மன் கூட வாசிக்கிறார்கள். ஐந்து மாதம் கழித்து அதே பாட்டு, அதே ட்ரம்பெட், இந்த முறை வயலின்களோடு. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது. நான் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதலாவதில் ஹப்பர்ட் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும்போது அந்த இடைவெளி இடைவெளியாகவே கேட்கிறது. பியானோ வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும், அவ்வளவுதான். அதனால் அவர் வரிகளைக் கொஞ்சம் நெருக்கி வாசிக்கிறார். அமைதி நீண்டுவிடுமோ என்ற நினைப்பு அதில் தெரிகிறது. அலங்காரங்கள் அதிகம். அதுவும் அழகுதான். இரண்டாவதில் அவர் அவசரப்படுவதே இல்லை. வரி முடிந்த பிறகும் அவர் விட்ட இடத்தில் ஏதோ ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. அந்தத் தைரியத்தில் அடுத்த வரியை அவர் தாமதமாக, தாளத்துக்குப் பின்னால் சாய்ந்துகொண்டு ஆரம்பிக்கிறார். மெட்டிலிருந்து அதிகம் விலகவில்லை. விலகும் இடங்களில் வரியின் கடைசி ஸ்வரத்தை மட்டும் லேசாகத் திருகுகிறார், ஒரு கேள்வியை முடிப்பது போல. ஷார்ட்டர் வயலின்களை மெட்டின் பின்னால் ஓடவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. மெட்டு போன பாதையில் வயலின்களும் போனால் அது இழைப்பு, ஆதரவு ஆகாது. இங்கே அவை கீழே, கொஞ்சம் இருட்டான நிறத்தில் இருக்கின்றன. மேலே ட்ரம்பெட்டுக்கு வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது.

ஷார்ட்டருக்கு அப்போது வயது 29. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வி படித்துப் பட்டம் வாங்கியவர். ஆனால் அதுவரை அவர் பேர் வாங்கியதெல்லாம் மெசெஞ்சர்ஸ் குழுவுக்கு எழுதிய சின்ன உருப்படிகளுக்குத்தான். மூன்று ஊதுகுழல்களுக்கு எழுதி எழுதிப் பழகிய கை அது. மூன்று பேரை வைத்துக்கொண்டு ஆறு பேர் போல ஒலிக்கச் செய்யத் தெரிந்தவர், பெரிய கூட்டம் கையில் கிடைத்ததும் எல்லாரையும் ஒரே நேரத்தில் வேலை வாங்காமல் விட்டது பெரிய முதிர்ச்சி. புது இசைக்கோப்பாளர்கள் செய்யும் தவறே அதுதானே. கூலி கொடுத்து உட்கார வைத்திருக்கிறோமே என்று எல்லாரையும் எல்லா வரியிலும் வாசிக்க விடுவார்கள்.

வயலின் வரிசையில் ஹாரி லுகோஃப்ஸ்கி என்று ஒரு பெயர் இருக்கிறது. தோஸ்கனினி நடத்திய என்பிசி சிம்பனியில் வாசித்தவர். ஜாஸ் நடையில் வயலின் வாசிக்க முடியும் என்று காட்டத் தனியாக ஒரு ஆல்பமே போட்டவர். அந்த ஊசலாட்டம் உடம்பில் இருந்த வெகு சில வயலின் கலைஞர்களில் ஒருவர். அவரைப் போன்றவர்கள் வரிசையில் இருந்ததால்தான் இந்த ஆல்பத்தின் வயலின்கள் விறைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வயலின்களோடு இருக்கும் மற்ற இரண்டு பாட்டுகளும் டியூக் எலிங்டனுடையவை: ‘ஐ காட் இட் பேட்’, ‘சாக்லேட் ஷேக்’. முதலாவது எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. இரண்டாவதை அன்றைக்கும் அதிகம் பேர் வாசிக்கவில்லை, இன்றைக்கும் வாசிப்பதில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. 1941இல் லாஸ் ஏஞ்சலிஸில் மாயன் தியேட்டரில் எலிங்டன் போட்ட ‘ஜம்ப் ஃபார் ஜாய்’ என்ற இசை நாடகம் அது. கறுப்பின மக்களை மேடையில் கோமாளிகளாகவும் அடங்கி ஒடுங்கிய வேலைக்காரர்களாகவும் காட்டும் வழக்கத்தை ஒழித்துக்கட்ட வேண்டும் என்றே எழுதப்பட்ட நாடகம். சில மாதங்களே ஓடியது. நியூயார்க் மேடைக்கு அது வரவே இல்லை. பாட்டுகள் மட்டும் பிழைத்தன.

அந்த நாடகத்திலிருந்து இரண்டு பாட்டுகளை இந்த ஆல்பத்தில் வைத்தது யார், ஏன் என்றெல்லாம் நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் ஆண்டு 1963. ஹப்பர்டும் ஷார்ட்டரும் மற்றவர்களும் ‘பாடி அண்ட் சோல்’ என்ற பாட்டைப் பதிவுசெய்த மே 2ஆம் தேதிதான், அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் நூற்றுக்கணக்கான கறுப்பினச் சிறுவர் சிறுமியர் இனப் பாகுபாட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கிக் கைதானார்கள். ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணி. இந்த ஆல்பத்தில் அரசியல் முழக்கம் எதுவும் கிடையாது, எல்லாம் காதல் பாட்டுகள்தான். ஆனாலும், 24 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் தன் நண்பர் எழுதிய ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால் நிற்கிறார். அந்த நண்பர் குச்சியைப் பிடித்து அதை நடத்தவும் செய்கிறார். அந்த ஆண்டில் அப்படி நின்றதற்கு ஒரு கனம் உண்டு. ‘ஐ காட் இட் பேட்’ மெட்டை ஹப்பர்ட் எடுக்கும் நிதானத்தில் அந்த நிமிர்வு எனக்குக் கேட்கிறது.

பிக் பேண்ட் பாட்டுகளுக்கு வருவோம். ‘கார்னிவல்’ என்பது லூயிஸ் போன்ஃபாவின் பிரேசில் மெட்டு, ஆளாளுக்கு போசா நோவா போட்டுக்கொண்டிருந்த காலத்துக் கோரிக்கை போல இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் அதற்காக இந்த ஆல்பத்தை எடுப்பதில்லை. ‘ஏரிஸ்’, ‘தெர்மோ’ இரண்டும் ஹப்பர்டே போட்ட உருப்படிகள். ‘தெர்மோ’வும் ‘கேரவன்’ ஆல்பத்தில் ஏற்கெனவே வந்ததுதான். ஆறு பேர் வாசித்ததைப் பதினாறு பேருக்கு ஷார்ட்டர் விரித்து எழுதியிருக்கிறார். வழக்கமான பிக் பேண்ட் அடுக்கு இல்லை இது. இரண்டு ஃப்ரெஞ்ச் ஹார்ன்கள், ஒரு ட்யூபா. ஹார்ன் வாசிப்பவர்களில் ஒருவர், அந்த வாத்தியத்தை ஜாஸுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவரான ஜூலியஸ் வாட்கின்ஸ். அதனால் பித்தளையின் பளபளப்புக்கு அடியில் ஒரு மென்மையான கருமை ஓடிக்கொண்டே இருக்கிறது. ட்ரம்பெட் வரிசையில் எலிங்டனிடம் பல ஆண்டுகள் இருந்த கிளார்க் டெர்ரி, ஸ்டூடியோ உலகத்தில் பெயர் பெற்ற எர்னி ராயல். ட்ராம்போனில் மெல்பா லிஸ்டன். அவரே பெரிய இசைக்கோப்பாளர். ராண்டி வெஸ்டனுக்கு அவர் எழுதிய இசைக்கோப்புகளைத் தேடிக் கேளுங்கள். தங்கள் துறையில் இவ்வளவு பெரியவர்கள், இருபதுகளில் இருந்த இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசித்திருக்கிறார்கள். ட்ரம்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ். பெரிய குழுவை அவர் ஒருவரே தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

சின்னக் குழுவின் மூன்று பாட்டுகளில் இருப்பது ஏறக்குறைய மெசெஞ்சர்ஸேதான். ஹப்பர்ட், ஷார்ட்டர், ஃபுல்லர், வால்டன், வொர்க்மன். பிளேக்கிக்குப் பதிலாக லூயிஸ் ஹேய்ஸ். கூடுதலாக சாக்ஸபோன் கலைஞர் எரிக் டால்ஃபி. நியூயார்க் வந்த புதிதில் ஹப்பர்ட் டால்ஃபியோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர். டால்ஃபியின் முதல் ஆல்பத்தில் ட்ரம்பெட் இவர்தான். ‘கிளாரன்ஸஸ் பிளேஸ்’ பாட்டில் டால்ஃபிக்கு ஒரு சின்ன சோலோ கிடைக்கிறது. வந்த வேகத்தில் முடிந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்ளும். ஏனென்றால் அடுத்த ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, பெர்லினில், நீரிழிவு நோயால் டால்ஃபி இறந்துபோனார். வயது 36.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் குறை, மூன்று விதமான குழுக்களைக் கலந்து போட்டதால் ஒருமை இல்லை என்பது. வயலின் பாட்டுக்குப் பக்கத்தில் பிக் பேண்ட் பாட்டு, அதற்குப் பக்கத்தில் சின்னக் குழு என்று வரிசையே குலுக்கிப் போட்டது போல இருக்கிறது என்கிறார்கள். பாட்டுகளும் சின்னவை, ஆறு நிமிடத்தைத் தொடுவது ஒன்றுகூட இல்லை. ஹப்பர்டின் நீண்ட சோலோக்களுக்குப் பழகியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பது புரிகிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஆள் ஒரே பருவத்தில் மூன்று விதமான துணையோடு வாசித்தால் அவர் நாதம் என்னவாகிறது என்பதை இப்படி அடுத்தடுத்துக் கேட்க வேறு ஆல்பம் எங்கே இருக்கிறது? பிக் பேண்டின் முன்னால் அவர் தோளை விரித்து நிற்கிறார், மற்ற பித்தளைகளை மீறி ஒலிக்க வேண்டுமே. சின்னக் குழுவில் பேச்சு வழக்கில் வாசிக்கிறார். வயலின்களோடு மட்டும்தான் அவர் குரலைத் தாழ்த்துகிறார். மூன்றையும் எழுதியவர் ஒருவரே என்பதால் அவரவர் அளவுக்குத் துணி வெட்டியிருக்கிறார். தனித்தனி இசைக்கோப்பாளர்கள் எழுதியிருந்தால் ஒருமை இல்லை என்ற குறையை நானும் சொல்லியிருப்பேன்.

ஹப்பர்ட் வயலின்களை இத்தோடு விட்டுவிடவில்லை. 1971இல் சிடிஐ நிறுவனத்துக்காக ‘ஃபர்ஸ்ட் லைட்’ செய்தார். டான் செபெஸ்கி எழுதிய இசைக்கோப்பு. அதற்கு கிராமி விருது கிடைத்தது. அந்த நிறுவனத்தை நடத்திய கிரீட் டெய்லர்தான் 1960இல் இம்பல்ஸைத் தொடங்கியவர் என்பது சுவாரசியமான தொடர்ச்சி. ‘ஃபர்ஸ்ட் லைட்’ பளபளப்பான, கச்சிதமான ஆல்பம். எனக்கும் பிடிக்கும். இருந்தாலும் அதில் வயலின்கள் மேலே தடவிய பூச்சாகவே எனக்குப் படுகின்றன. ஹப்பர்டை எடுத்துவிட்டு இன்னொரு ட்ரம்பெட்காரரை நிறுத்தினாலும் அந்த இசைக்கோப்பு அப்படியே நிற்கும். 1963 ஆல்பத்தில் அது நடக்காது. அதன் ஒவ்வொரு இடைவெளியும் இவருடைய நுரையீரலை அளந்து விட்டது.

பிற்காலம் கடுமையாக இருந்தது. வருடக்கணக்காக உதட்டை ஈவிரக்கம் இல்லாமல் வேலை வாங்கியதில் 1992இல் மேல் உதடு கிழிந்தது. அதில் தொற்றும் ஏறியது. உலகத்திலேயே வலுவான உதடு என்று பெயர் வாங்கியவருக்கு அதற்குப் பிறகு பழைய நாதம் திரும்பவே இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டேவிட் வைஸ் என்ற இளைய ட்ரம்பெட் கலைஞர், ஹப்பர்டின் பழைய உருப்படிகளையெல்லாம் ஒரு எட்டுப் பேர் குழுவுக்காக எழுதி, அவரை மறுபடி மேடைக்கு அழைத்து வந்தார். ஹப்பர்ட் ஃப்ளூகல்ஹார்னை எடுத்துக்கொண்டார். ட்ரம்பெட்டைவிட உதட்டுக்குக் கொஞ்சம் இணக்கமான வாத்தியம். அந்தப் பதிவுகளில் அவர் பாதியில் தடுமாறும் இடங்கள் வெளிப்படையாகவே கேட்கும். அந்த இடங்களில் மற்ற ஊதுகுழல்கள் வந்து பாட்டைத் தாங்கிக்கொள்ளும். 1963இல் அவருக்குத் தேவையே இல்லாதபோது ஷார்ட்டர் செய்துகொடுத்த காரியத்தை, உண்மையிலேயே தேவைப்பட்டபோது வேறொரு நண்பர் செய்துகொடுத்தார். 2008 டிசம்பர் 29ஆம் தேதி ஹப்பர்ட் இறந்தார்.

ஷார்ட்டர் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். 1964இல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸிடம் போனார், அப்புறம் வெதர் ரிப்போர்ட் குழு. ஆனால் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதும் ஆசை அவரை விடவில்லை. 2018இல் வெளிவந்த ‘எமனான்’ ஆல்பத்தில் தன் நால்வர் குழுவோடு ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்த்துக்கொண்டார். அப்போது வயது 85. அதற்கும் பிறகு எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங்கோடு சேர்ந்து ‘இஃபிஜெனியா’ என்ற ஓபராவையும் எழுதி முடித்தார். அவற்றையெல்லாம் மெச்சும் கட்டுரைகள் நிறைய வந்தன, வந்திருக்க வேண்டியவைதான். 1963 மார்ச்சில் அவர் வயலின்களுக்கு எழுதிய அந்த மூன்று பாட்டுகளைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட நான் படிக்கவில்லை.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஆல்பத்தை முதலிலிருந்து ஓடவிடாதீர்கள். மெசெஞ்சர்ஸின் ‘கேரவன்’ ஆல்பத்தில் ‘ஸ்கைலார்க்’கைக் கேளுங்கள். உடனே இந்த ஆல்பத்தின் ‘ஸ்கைலார்க்’கைப் போடுங்கள். காதில் மாட்டும் கருவி ஓரளவு நல்லதாக இருந்தால் நல்லது, தாழ்ந்த ஸ்தாயியில் நடப்பதெல்லாம் மொபைல் ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். ஹப்பர்ட் வாசிக்கும்போது அவரைக் கவனிக்க வேண்டாம், அது தானாக நடக்கும். அவர் நிறுத்தும்போது என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். அதன் பிறகு ‘ஐ காட் இட் பேட்’, அப்புறம் ‘சாக்லேட் ஷேக்’. பிக் பேண்ட் பாட்டுகளை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.